அர்த்தம் சொல்லி வாசித்தவள்

மெக்ஸிகோவுக்குத் தெற்கே, மலையூரான அல்மொலோங்காவில் கேரட் கழுவும் பெண்களை விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். விடிந்ததும் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் லாரி கிளம்பும்வரை எடுக்க முடியாது. நகக்கண் வெளுத்து, தோல் ஊறிச் சுருங்கி, இரண்டு கையும் ஒரே மாதிரி ஆகிவிடும். தாமாரிஸ் கோயோய்க்கு மட்டும் வலது கை ஒரு மாதிரி, இடது கை ஒரு மாதிரி. இடது கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டுதான் அவள் தொட்டிக்கு வருவாள்.

"என்னடி, இடது கைக்கு மட்டும் நிச்சயம் ஆயிடுச்சா? பொத்திப் பொத்தி வைக்கிற?" என்று பக்கத்துத் தொட்டிக்காரி கேட்பாள்.

"ஆமாக்கா. மாப்பிள்ளைக்கு ஆறு நரம்பு. உங்க வீட்டுக்காரருக்கு எத்தனன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

தொட்டிகளைச் சுற்றி ஒரே சிரிப்பாக இருக்கும். விஷயம் இதுதான்: விரல் நுனி ஊறினால் கிடார் கம்பி வெட்டிவிடும். வருஷக்கணக்காக அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன நாலு விரல் நுனிகள்தான் அவளுடைய சொத்து. அதைத் தண்ணீரில் கரைக்க அவளுக்கு மனமில்லை.

அந்தக் கிடார் அவளுடையது இல்லை, அண்ணன் ஒபேதுடையது. செந்நிற எலெக்ட்ரிக் கிடார். ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். ஒபேத் பத்தொன்பது வயதில் எல்லை தாண்டி வடக்கே வேலை தேடிப் போனபோது அதைக் கட்டிலில் கிடத்திவிட்டு, "நான் வர்றப்ப இதுல தூசி இருக்கக் கூடாது புள்ள" என்று சொல்லிப் போனான். தாமாரிஸுக்கு அப்போது பதினாலு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தினமும் துணியால் துடைத்தாள். துடைக்கும்போது கம்பி பேசியது. அப்புறம் துடைப்பது ஒரு சாக்காகிவிட்டது. லாரிக்காரர்கள் மெக்ஸிகோவிலிருந்து கொண்டுவரும் ஒலிநாடாக்களில் இயேசுவைப் பற்றி ராக் பாடும் பையன்களின் பாட்டு இருந்தது. ஒரு வரியைக் கேட்பாள், நிறுத்துவாள், தேடுவாள். கிடைக்காவிட்டால் மறுபடி கேட்பாள். ஒரு பாட்டுக்கு ஒரு மாதம் ஆனது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால், தப்பு என்று சொல்லவும் ஆள் இல்லை. அதனால் தன் தப்பைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம்தான் பின்னால் அவளைக் காப்பாற்றியது.

மோரியா மலை சபையில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவன் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ரிகோபெர்த்தோ மேடையில் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். ஆண்கள் பக்கம் ஒருவரும் எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து தாமாரிஸ் எழுந்தாள். அம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். தறியில் நெய்த கனத்த பாவாடை, கிழியாது. அதனால் அவளால் நடக்க முடிந்தது. வீட்டுக்கு ஓடிப் போய்க் கிடாரோடு திரும்பி வந்தாள். தோளில் மாட்ட வார் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த பூவேலைக் கச்சையை அவிழ்த்துக் கிடாரில் முடிந்து, பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டாள். தலையில் முக்காடு நழுவாமல் நாலு ஊசி. பதினாறு வயதில் அப்படி ஏறியவள் அந்த மேடையை விட்டு இறங்கவே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவை இறங்கியதால்தான் அவள் பேர் ஊர் தாண்டியது.

இரண்டே வருஷத்தில் அவளைச் சுற்றி ஒரு குழு சேர்ந்தது. மோசே கண்ட செடியை நினைத்து 'எரியும் முட்செடி' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். டிரம்ஸுக்கு எலியூ, பேஸ் கிடாருக்கு பள்ளிக்கூட வாத்தியார் அப்னேர். எலியூ காய்கறி லாரி ஓட்டுபவன். அவனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். அடியில் முட்டைக்கோஸ், மேலே ஆம்ப்ளிஃபயர் பெட்டி, அதற்கும் மேலே அப்னேர் என்று ஏற்றிக்கொண்டு சூனில், கந்தேல், சல்காஹா என்று ஒவ்வொரு ஊர்ச் சபையாகப் போனார்கள். "கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்பான் எலியூ. "முன் சீட்டு கிடாருக்கு. எனக்கு ஸ்டியரிங் மட்டும்தான்." குழந்தை பெத்தானியா பிறந்த பிறகு, அவளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டே தாமாரிஸ் பயிற்சி செய்தாள். டிரம்ஸ் சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தை, சத்தம் நின்றால் எழுந்து அழும்.

அவர்கள் வாசிக்கத் தொடங்கிய பிறகு சபையில் பெஞ்சு போதவில்லை. வாலிபப் பிள்ளைகள் ஜன்னலில் உட்கார்ந்தார்கள்.

தாமாரிஸுக்கு இருபத்துநாலு வயதில் ஷேலா பட்டணத்தின் பெரிய ஸ்டேடியத்தில் ஒரு சுவிசேஷக் கூட்டம் நடக்கவிருந்தது. நாடு முழுவதிலுமிருந்து பதிமூன்று குழுக்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. எரியும் முட்செடிக்கும் அழைப்பு வந்தது. இந்த மலைப் பக்கத்திலிருந்து போகும் ஒரே குழு அதுதான். ஒரு நிபந்தனை உண்டு. சொந்தச் சபையின் பாஸ்டரும் மூத்த மூப்பரும் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதம் வேண்டும். பாடப்போகும் பாட்டையும் அவர்கள் கேட்டு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

தாமாரிஸ் தானே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. இரண்டு சரணம், பல்லவி. நடுவில் பாடுபவர்கள் நிறுத்திக்கொள்வார்கள், அவள் கிடார் மட்டும் தனியாகப் போகும். முழுதாக ஒன்றரை நிமிஷம். அந்தத் தனி வாசிப்புக்காகத்தான் அந்தப் பாட்டே இருந்தது. அதைக் கட்ட அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

பாஸ்டர் உடனே பேனாவை எடுத்தார். மூத்த மூப்பர் அபெலினோ எடுக்கவில்லை.

ஊரில் பெரிய ஆண்களைத் 'தாத்' என்றுதான் கூப்பிடுவார்கள். தாத் அபெலினோ முள்ளங்கி பயிரிடுபவர். நாற்பது வயதுவரை எழுத்து தெரியாது. வேதப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். அதனால் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவர் தன் கையால் தோண்டி எடுத்த மாதிரி. எதையும் தாண்டிப் போக மாட்டார். கெட்ட மனுஷன் இல்லை. டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று சபை இரண்டு வருஷம் அடித்துக்கொண்டபோது, "கைத்தாளம்னு எழுதியிருக்கு, ஓசையுள்ளதுன்னும் எழுதியிருக்கு, வரட்டும்" என்று முடித்துவைத்தவரே அவர்தான்.

"பாட்டுல வார்த்தை இருக்கு. நல்ல வார்த்தை. நான் ஆமென் சொல்றேன்," என்றார். "நடுவுல வார்த்தை நின்னுபோகுது. அந்தப் பெட்டி மட்டும் பேசிக்கிட்டே இருக்கு. என்னமோ சொல்லுது. அழுத்தமா சொல்லுது. என்ன சொல்லுது பாஸ்டர்?"

"தாத், அது கிடார்."

"அது தெரியுது. என்ன சொல்லுதுன்னு கேட்டேன்."

"அது... ஒண்ணும் சொல்லல தாத். இசை."

"ஒண்ணும் சொல்லலைன்னா ஒன்றரை நிமிஷம் எதுக்கு? சொல்லுது. நமக்குத்தான் புரியல. புரியாத பாஷையில சபையில பேசினா அதுக்கு என்ன பேரு? அந்நியபாஷை. அந்நியபாஷைக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேணும், இல்லைன்னா சும்மா இருக்கணும். நான் சொல்லல, வேதத்துல பவுல் சொல்றாரு."

"மனுஷர் பேசுறதப் பத்தித்தான் பவுல்..."

"ஏன், பிலேயாமோட கழுதை பேசலையா? அது பேசினப்பக்கூட எல்லாருக்கும் புரியிற மாதிரி பேசிச்சு."

கடைசியில் ஒரு தீர்மானம் ஆனது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் சபையில் அந்தப் பாட்டை வாசிக்கட்டும். அவள் வீட்டாரும் குழுவும் தவிர யாருக்காவது அர்த்தம் அருளப்பட்டு எழுந்து சொன்னால் கடிதத்தில் கையெழுத்து. இல்லாவிட்டால் நடுப்பகுதியை எடுத்துவிட்டுப் போகலாம்.

"எடுத்துடேன்," என்றான் எலியூ வீட்டில். "பாட்டு சீக்கிரம் முடிஞ்சா நான் போய் காப்பி குடிப்பேன்."

"உன் லாரியில எஞ்சினை எடுத்துட்டு ஓட்டு. நானும் எடுக்கிறேன்."

முதல் ஞாயிறு அவள் வாசித்தாள். முடித்தபோது சபை அப்படியே உட்கார்ந்திருந்தது. யாரோ இருமினார்கள். பெத்தானியா எழுந்து அழுதாள். தாத் அபெலினோ விரலைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். யாராவது எழ மாட்டார்களா என்று அவர் உண்மையாகவே காத்திருந்ததை தாமாரிஸ் பார்த்தாள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. பகையாக இருந்தால் சண்டை போடலாம்.

"அடுத்த வாரம் பாப்போம் மகளே," என்றார்.

அடுத்த வாரம் இன்னும் மோசமாகப் போனது. பாட்டு தொடங்கும் முன் தாமாரிஸ் மூன்றாம் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். டொய்ங், டொய்ங் என்று முறுக்கிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் பக்கம் நடு பெஞ்சில் சாயோ அத்தை இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு எழுந்தாள். சாயோ எலியூவின் அப்பாவுக்கு எங்கோ தங்கை முறை, அந்த வகையில் அத்தை. தூரத்து உறவு, 'வீட்டார்' கணக்கில் வராது. ஒரு காது சரியாகக் கேட்காது.

"கர்த்தர் சொல்றாரு!" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். "என் மகளே, பயப்படாதே! ஷேலா ஸ்டேடியத்துக்குப் போ! என் ஊழியக்காரனாகிய அபெலினோ கடிதத்துல கையெழுத்துப் போடக்கடவன்! ஆமென்!"

ஆமென் சொல்ல வாய் திறந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

தாத் அபெலினோ மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பிள்ளை இன்னும் கம்பிதானே முறுக்கிட்டிருக்கு, சாயோ."

ஜன்னலில் இருந்த பையன் ஒருவன் விழாத குறை. சபையே சிரித்தது. தாமாரிஸ் திரும்பிப் பார்த்தாள். எலியூ டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்து, லூசாகாத ஒரு திருகாணியை வெகு மும்முரமாக இறுக்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினாள். கிடாரைச் சுவரில் சாய்த்தாள். அன்றைக்கு வாசிக்கவே இல்லை. இரண்டாவது ஞாயிறு அப்படிப் போயிற்று.

"அத்தைக்கு என்ன குடுத்த?" என்று வீட்டில் கேட்டாள்.

"ரெண்டு கோழி தரேன்னேன்."

"ஒரு பொய்தான் சொல்லியிருக்காங்க. ஒரு கோழி போதும்."

"உனக்காகத்தானே செஞ்சேன்! ரெண்டு வாரமா முகத்தத் தூக்கி வச்சிட்டிருந்த. அத்தைக்கு ரெண்டாவது பல்லவி முடிஞ்சதும் எழுந்திரின்னு பத்து தடவ சொன்னேன். காது கேக்கல."

"சரியான நேரத்துல எழுந்திருந்தா பரவாயில்லையா? ஒரு வருஷம் உக்காந்து கட்டினது. ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு யாரோ வாய்க்கு வந்த அர்த்தம் சொல்லி நான் அந்த மேடையில போய் நிக்கணுமா? அதுக்கு அத வெட்டிட்டே போகலாம்."

எலியூ கேட்டான்: "அப்ப நிஜமான அர்த்தம்தான் என்ன? ஆறு வருஷமா உன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து அடிக்கிறேன். எனக்குத் தெரியாதே."

தாமாரிஸை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்ட பிறகுதான் தனக்கு அது முழுசாகத் தெரியும் என்பது அவளுக்கே உறைத்தது.

"எனக்குக்கூடச் சொல்ல மாட்டியா?"

"ஞாயித்துக்கிழமை கேட்டுக்க," என்றாள்.

புதன்கிழமை தாத் அபெலினோவின் முள்ளங்கிக் காட்டுக்குப் போனாள். அவர் பாத்திகளுக்கு நடுவே வாய்க்காலில் நின்று, நீளக் கைப்பிடி போட்ட அகலக் கரண்டியால் தண்ணீரை மொண்டு மொண்டு வீசிக்கொண்டிருந்தார். அவள் கரையில் நின்றாள்.

"தாத், போன வாரம் நடந்தது எங்க வீட்டு வேலை. எனக்கு முன்னாடி தெரியாது. ஆனா எங்க வீடுதான்."

"தெரியும்," என்றார். "பரலோகத்துல இருந்து வர்ற செய்தியில என் பேரச் சொல்லி கையெழுத்து கேக்க மாட்டாங்க."

"ஒண்ணு கேக்கணும். அர்த்தம் சொல்றவங்க வேற ஆளாத்தான் இருக்கணுமா? பேசினவங்களே சொல்லலாமா?"

அவர் கரண்டியை நட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்து, பைக்குள் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்தார். விரல் வரிவரியாக இறங்கியது. உதடு அசைந்தது. நின்றது.

"இருக்கு," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். "பேசுறவன் தானே அர்த்தம் சொல்லவும் வேண்டிக்கணும்னு இருக்கு. நான் இத்தன நாள் இந்த வரியத் தாண்டிப் போயிருக்கேன் பாரு."

"ஆனா வீட்டாள் கூடாதுன்னு தீர்மானம்..."

"அது நாங்க வச்ச சட்டம். இது பவுல் வச்சது." விரல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று முகம் வாடியது. "மகளே, இதே பக்கத்துலதான் இன்னொண்ணும் இருக்கு. சபையில பொம்பளைங்க பேசக் கூடாதுன்னு. நம்ம சபையில மேடையில பொம்பளை பாடலாம், பேச முடியாது. உனக்கே தெரியும்."

தாமாரிஸ் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாட்சி சொல்லலாம்ல?"

"தனக்கு நடந்தத யாரும் சாட்சியா சொல்லலாம். கீழ பெஞ்சுக்கு நடுவுல நின்னு."

"அப்ப நான் கீழ நின்னு சாட்சி சொல்றேன்."

"கிடாரு மேல இருக்குமே?"

"அதுவும் கீழ வரும் தாத்."

கிழவர் தண்ணீரில் நின்றபடியே சிரித்தார்.

மூன்றாவது ஞாயிறு, சாட்சி வேளை. ஒரு பெண் கன்றுக்குட்டி பிழைத்ததைச் சொல்லி உட்கார்ந்தாள். பாஸ்டர் "வேற யாரு?" என்றதும் தாமாரிஸ் கிடாரை மாட்டிக்கொண்டு மேடைப் படியில் இறங்கினாள். மூன்றாவது படியில் ஒயர் இழுத்துப் பிடித்தது. இறங்கும் அவசரத்தில் அவள் ஒயரின் நீளத்தை நினைக்கவே இல்லை. ஒரு காலைப் படியிலும் ஒரு காலை அந்தரத்திலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

எலியூ எழுந்தான். ஒரு வார்த்தை பேசாமல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அப்னேர் மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேரும் மூச்சுவாங்க அதைக் கீழே கொண்டுவந்து, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே வைத்தார்கள். குழந்தையை அவிழ்த்து யாரிடம் கொடுப்பது என்று தாமாரிஸ் பார்த்தாள். சாயோ அத்தை தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினாள். அவளிடமே கொடுத்தாள்.

"என் பேர் தாமாரிஸ் கோயோய்," என்று தொடங்கினாள்.

"தெரியும் தெரியும்," என்றது ஜன்னல்.

"இது என் சாட்சி. இதுல எனக்குத் தெரியாம வந்தது ஒண்ணுமில்ல. எல்லாம் வீட்டுல இருந்து எடுத்ததுதான்."

கீழ்க்கம்பிகளில் நாலு சத்தம் வாசித்தாள். ஒன்று தாழ, ஒன்று வீசி. ஒன்று தாழ, ஒன்று வீசி. "இது எங்க அப்பா. காலையில பாத்திக்குத் தண்ணி வீசுறது. மொண்டு, வீசி. மொண்டு, வீசி."

ஆண்கள் பக்கம் தலைகள் அசைந்தன. மறுபடி வாசித்தபோது முன் பெஞ்சில் இருந்த ஒருவரின் தோள் தானாக அசைந்தது.

அடுத்து ஒரு சத்தத்தைப் பிடித்து, விரலைக் கம்பியோடு மேலே இழுத்துக்கொண்டு போனாள். பாதியில் இறங்கி, மறுபடி ஏறியது. "இது எங்க அண்ணன் ஒபேத் போன பஸ்சு. மேட்டுல கியர் மாத்துறது. நான் ரோட்டுல நின்னு, சத்தம் கேக்கிறவரைக்கும் கேட்டேன்."

இப்போது யாரும் அசையவில்லை. வடக்கே பிள்ளையை அனுப்பாத வீடு அந்த சபையில் எத்தனை இருக்கும்?

"அதுக்கப்புறம் பதினோரு மாசம் அவன்கிட்ட இருந்து தகவல் இல்ல. அம்மா தினமும் முட்டி போட்டாங்க. முதல்ல வார்த்தையா ஜெபம் பண்ணாங்க. அப்புறம் வார்த்தை வரல. ம்... ம்...னு மட்டும்தான் வந்துச்சு. அது இது." ஒரே ஒரு கம்பியை விரலால் வளைத்துப் பிடித்தாள். சத்தம் உயரவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நடுங்கிக்கொண்டே நின்றது. பெண்கள் பக்கம் ஐந்தாவது பெஞ்சில் அவள் அம்மா முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். தாத் அபெலினோ புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"இது போன் வந்த நாள்." விரல்கள் மேலிருந்து கீழே சரசரவென்று இறங்கின. "அண்ணன்தான் பேசுறான்னு கடைக்காரர் கத்தினாரு. அம்மா ஓடினாங்க. தொட்டி கவுந்துபோச்சு. கழுவின கேரட்டெல்லாம் தெருவுல உருண்டு ஓடிச்சு. யாரும் பொறுக்கல."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நான் பொறுக்கினேனே!" என்று பின்னால் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

தாத் அபெலினோ எழுந்தார்.

"மகளே, அந்த கேரட் உருளுறதுக்கு கொஞ்சம் முன்னாடி, டக்குனு ஒரு சத்தம் வந்து நின்னுச்சே. அது என்ன?"

தாமாரிஸ் யோசித்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். போனை எடுத்த சத்தம் என்று சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

"அது ஒண்ணும் இல்ல தாத். அது தப்பு. விரல் வழுக்கிடுச்சு."

கிழவர் சபையின் பக்கம் திரும்பினார். "எது அர்த்தம், எது தப்புன்னு பிரிச்சுச் சொல்றா. கேட்டீங்கல்ல? இந்தப் பிள்ளைக்கு அர்த்தம் இருக்கு." பிறகு அவளிடம்: "இப்ப தப்பு இல்லாம, நிறுத்தாம வாசி."

வாசித்தாள். எலியூ மேடைக்குத் திரும்பி, அங்கே தனியாக இருந்த டிரம்ஸில் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தான். ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தான் எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்டினான். ஒன்றரை நிமிஷம் முடிந்தபோது எழுந்த ஆமென் தெருக்கோடிவரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு ஆராதனைக்கு வராதவர்கள் இன்றுவரை தாங்களும் இருந்ததாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

கடிதத்தில் கையெழுத்து மட்டும் போட தாத் அபெலினோவுக்கு மனம் வரவில்லை. பாஸ்டர் எழுதியதற்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தன் கையால் இரண்டு வரி சேர்த்தார்: 'இந்தச் சகோதரி வாசிக்கிறாள், அதற்கு அர்த்தமும் சொல்கிறாள். இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.'

தாமாரிஸுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மூன்று இசைத்தட்டு வந்திருக்கிறது. தபச்சூலா, சான் சால்வதோர், சான் பெத்ரோ சூலா என்று மூன்று நாட்டில் வாசித்திருக்கிறாள். எங்கே போனாலும் தனி வாசிப்புக்கு முன்னால் அது என்ன சொல்லப்போகிறது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கம்பியைத் தொடுவாள். பட்டணத்துப் பையன்கள் அதை ஒரு புதுப் பாணி என்று நினைத்து அவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வாரத்தில் நாலு நாள் இன்னும் கேரட் கழுவுகிறாள், இடது கையில் பையோடு.

ஆனால் அவளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அல்மொலோங்காக்காரர்கள் ஸ்டேடியத்தைத்தான் சொல்வார்கள். அன்றைக்கு ஊரில் இருந்த காய்கறி லாரிகள் அத்தனையும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஷேலாவுக்குப் போயின. தாத் அபெலினோ எலியூவின் லாரியில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். கிடாரை மடியில் வைத்துக்கொண்டார்.

காதில் கருவி மாட்டிய ஒரு பட்டணத்து வாலிபன் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தான். "சகோதரி, நேரா பாட்டு. நாலு நிமிஷம். பேச்சு வேண்டாம், நேரம் இல்ல."

"கடிதத்துல எழுதியிருக்கே," என்றாள் தாமாரிஸ்.

அவன் காகிதத்தைப் புரட்டினான். வாசித்தான். மறுபடி வாசித்தான். "அர்த்தமா? கிடாருக்கா? இது எந்த ஊர் வழக்கம்?"

"எங்க ஊர் வழக்கம் தம்பி," என்றான் எலியூ, இரண்டு வார வயதுள்ள அந்த வழக்கத்தைப் பற்றி. "சீக்கிரம் ஒரு நீள ஒயர் கொண்டா. அவ கீழ இறங்கித்தான் சொல்லுவா."

முப்பது மீட்டர் ஒயர் எங்கிருந்தோ வந்தது. தாமாரிஸ் மேடையிலிருந்து புல்தரையில் இறங்கினாள். முக்காடு, நாலு ஊசி, கச்சையில் தொங்கும் செந்நிறக் கிடார். ஆயிரக்கணக்கான பட்டணத்து முகங்கள். நாலு சத்தத்தை வாசித்தாள். "இது எங்க அப்பா பாத்திக்குத் தண்ணி வீசுறது," என்றாள் மைக்கில். யாருக்கும் புரியவில்லை. பட்டணத்தில் குழாய்தானே? கம்பி மீட்டும் பிக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையால் காற்றை மொண்டு வீசிக் காட்டினாள்.

அப்போது வெகு தூரத்தில், வெயில் விழும் பக்கத்து மலிவான படிகளில், ஒரு கூட்டம் எழுந்து நின்றது. தாத் அபெலினோ முன்வரிசையில் இருந்தார். அவர் கையைத் தாழ்த்தி, மொண்டு, வீசினார். அவருக்குப் பின்னால் ஐந்நூறு அல்மொலோங்காக்காரர்கள் ஒரே நேரத்தில் மொண்டு வீசினார்கள். ஸ்டேடியம் முழுவதும் அவர்கள் பக்கம் திரும்பியது.

தாமாரிஸ் பிக்கைக் கையில் எடுத்தாள்.